இல்லை என்பதற்கான எண்

போய்விட்டது. இரண்டு மணி பன்னிரண்டு நிமிடத்துக்குக் கட்டளை போய்விட்டது, இனி அதைத் திரும்பக் கூப்பிட முடியாது. ஒன்பது நிமிடம் அது வெறும் வெளியில் போகும், பதினாறு கோடி கிலோமீட்டர். பிறகு வெள்ளிக் கோளைச் சுற்றிக்கொண்டிருக்கும் நம் பெட்டி அதைப் படித்து, கண்ணைத் திருப்பி, இரண்டு நிமிடம் பார்த்து, பார்த்ததைச் சொல்லிவிட, அந்தச் சொல் இங்கே வந்து சேர இன்னொரு ஒன்பது நிமிடம். இருபது நிமிடம். இந்த இருபது நிமிடத்தில் யாரும் எதையும் செய்ய முடியாது என்பதுதான் ஒரு காலத்தில் இந்த வேலையில் எனக்குப் பிடித்த விஷயம். காப்பி குடிக்கலாம், கால் நீட்டலாம், குற்றம் சொல்ல ஆள் இருக்காது. கட்டளை அனுப்புகிற இப்ராகிம் காதிலிருந்து கருவியைக் கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, "மாமியார் காதுல போட்டாச்சு சார், இனி அவங்க இஷ்டம்," என்கிறான். ஒரு வருஷம்தான் இருக்கும் என்று சொல்லி அனுப்பியது பன்னிரண்டு வருஷமாக இருக்கிறது, ஒரு வாரம் தங்கிவிட்டுப் போகிறேன் என்று வந்த மாமியார் மாதிரி, என்று அவன்தான் பெயர் வைத்தான். இப்போது தலைமை அலுவலகத்திலிருந்து வருகிறவர்கள்கூட மாமியார் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்கிறார்கள். மாமியாருக்கு மின்கலம் போய்விட்டது. வெப்பமானியை இன்றோடு அணைத்துவிட வேண்டும், அதற்குப் பிறகு பெட்டி சுற்றும், பேசும், ஆனால் பார்க்காது. அணைப்பதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை இரவுப் பக்கத்து விளிம்பைப் பார்க்கச் சொல்வோம் என்று நான் சொன்னபோது இப்ராகிம் எதற்கு என்று கேட்கவில்லை. வழக்கமான சோதனைதான் என்று நானாகவே சொன்னேன். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறவன் எதையோ மறைக்கிறான் என்று அவனுக்குத் தோன்றியிருக்குமோ. மேஜையில் நீலக் கோப்பு இருக்கிறது. அதற்குள் ஒரே ஒரு தாள். நாலு மணிக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும்.

அந்தத் தாளில் ஒரு வாக்கியம் இருக்கிறது, ஆங்கிலத்தில், விடுபட்ட அளவீடுகள் அனைத்தும் சரிபார்க்கப்பட்டுள்ளன என்று. சரிபார்க்கப்பட்டுள்ளன. யாரால் என்று இல்லை. ஆங்கிலத்திலும் இல்லை, தமிழிலும் இல்லை, ஆனால் தமிழில் இதற்கு இன்னும் வசதியாக ஒரு வழி வைத்திருக்கிறோம், பார்த்தாச்சு. பார்த்தேன் என்றால் நான் மாட்டிக்கொள்கிறேன், பார்த்தோம் என்றால் கூட இருந்தவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள், பார்த்தாச்சு என்றால் காரியம் மட்டும் தனியாக நடந்து முடிந்து ஓரமாக நிற்கிறது, அதற்குக் கை இல்லை, கண் இல்லை. இன்று காலையில் வத்சலா சமையலறையிலிருந்து மாத்திரை போட்டாச்சா என்றாள், போட்டாச்சு என்றேன். மாத்திரை சட்டைப் பையில் இருக்கிறது, இப்போதும் இருக்கிறது, தொட்டுப் பார்க்கிறேன், உறையின் விளிம்பு விரலில் குத்துகிறது. ஏன் அப்படிச் சொன்னேன். போட்டுக்கொள்ளத்தான் எடுத்தேன், தண்ணீர் எடுக்கப் போனேன், அவள் கேட்டாள், வாய் சொல்லிவிட்டது, சொன்ன பிறகு போட்டுவிட்ட மாதிரியே இருந்தது. முப்பது வருஷமாக அவள் என்னை நம்புகிறாள். அவளுடைய நம்பிக்கையில் எத்தனை மாத்திரைகள் இல்லை என்று யார் எண்ணியிருக்கிறார்கள். இங்கே குளிர்சாதனக் காற்று நேராகப் பின் கழுத்தில் விழுகிறது. இந்த அறை இயந்திரங்களுக்காகக் குளிர வைக்கப்பட்ட அறை, நாங்கள் கூடவே குளிர்ந்துகொண்டிருக்கிறோம். இரண்டு பதினாலு.

எண்ணைப் பற்றி நினைக்கக் கூடாது என்று இருந்தேன், ஆனால் குளிர் என்றதும் எண் வந்துவிட்டது. மைனஸ் தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பது. நான் வைத்ததுதான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு சனிக்கிழமை மதியம், பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில். வெப்பமானி அனுப்புகிற அளவீடுகளில் சில வழியில் தொலையும், தொலைந்த இடத்தைக் காலியாக விட்டால் பட்டியல் இடம் பெயர்ந்துவிடும், ஆகவே அங்கே ஏதாவது ஒரு எண்ணை எழுத வேண்டும், இங்கே ஒன்றும் இல்லை என்று சொல்கிற எண்ணை. நடக்கவே நடக்காத எண்ணாகப் பார்த்து வைக்க வேண்டும். வானிலை பலூன்களுக்கு எழுதிய பழைய நிரல் என்னிடம் இருந்தது, அதில் ஒவ்வொரு எண்ணுக்கும் ஐந்து எழுத்து இடம். கழித்தல் குறி, ஒன்பது, ஒன்பது, புள்ளி, ஒன்பது. கச்சிதமாக உட்கார்ந்தது. வெள்ளி என்பது உலை. தரையில் ஈயம் உருகும். நாங்கள் பார்க்கப்போவது மேகத்தின் மேல்தட்டு, அங்கே குளிர்தான், ஆனாலும் மைனஸ் எழுபது தாண்டாது, அதுவும் ஒரு வருஷத்துக்கு மட்டும்தான் பார்க்கப்போகிறோம். மைனஸ் நூறா, அந்த அடுப்பிலா, என்று எழுதும்போது நானே சிரித்தது ஞாபகம் இருக்கிறது. அந்த எண் எங்களிடையே பேச்சாகவும் ஆகிவிட்டது. உணவகத்தில் சாம்பாரில் முருங்கைக்காய் இல்லை என்றால், முருங்கைக்காய் தொண்ணூத்தொம்பது. ஒருவர் விடுப்பில் போனால் அவர் தொண்ணூத்தொம்பது. தொலைபேசியில் யாராவது வேண்டாதவர் கூப்பிட்டால் இப்ராகிம் வாயைப் பொத்திக்கொண்டு, "தொண்ணூத்தொம்பதுன்னு சொல்லிடவா சார்," என்பான். புதிதாக வந்தவர்களுக்கு நான்தான் விளக்குவேன், அது ஒரு அளவு இல்லைம்மா, அது ஒரு சொல், இல்லை என்று அர்த்தம். எவ்வளவு பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். ஜெசிந்தாவுக்கும் சொன்னேன்.

ஜெசிந்தா பர்னாந்து ஐந்தாம் வருஷம் வந்தாள். தூத்துக்குடிக்காரி, ஒப்பந்த ஆராய்ச்சியாளர், முப்பத்தொரு வயது. மாமியார் சாகாமல் இருந்ததால் அதற்குப் புது வேலை கொடுக்கத் தொடங்கியிருந்த நேரம் அது. மேகத்தை விட்டுவிட்டு, கோளின் விளிம்பை, இரவுப் பக்கத்தில், மேகத்துக்கு மேலே எண்பது தொண்ணூறு நூறு கிலோமீட்டர் உயரத்தைப் பார்க்கச் சொன்னோம். அந்த உயரத்தில் அந்த உலை உலையே அல்ல, மைனஸ் நூறு, நூற்றிருபது, நூற்றி முப்பதுகூட. பெரிய எண்களுக்காகப் பட்டியலில் இடத்தை ஆறு எழுத்தாக மாற்றினோம். யார் மாற்றியது, நான் மாற்றினேன், இதே கையால் ஐந்தை ஆறாக்கினேன், பக்கத்து வரியில் அந்த எண் உட்கார்ந்திருந்தது, அதைத் தொடவில்லை. ஒரு வருஷத்துக்குச் சற்று மேல் கழித்து ஜெசிந்தா ஒரு சுருளைக் கொண்டுவந்தாள். பதினாலு மாத அளவீட்டையும் ஒட்டவைத்து அச்சடித்த காகிதம், பன்னிரண்டு அடி நீளம். உணவக மேஜைகள் மூன்றை இழுத்துச் சேர்த்து அதை விரித்து, நாலு மூலையிலும் காப்பி டம்ளரை வைத்தாள். நீலமும் ஊதாவுமாக இரவு, அதன் நடுவில் ஒரு வெள்ளைக் கோடு, முடி மாதிரி, தொண்ணூற்றுச் சொச்சம் கிலோமீட்டரில், மேலும் கீழுமாக மெல்ல அலைந்துகொண்டு மேஜையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை. அந்தக் கோட்டில் அளவீடு இல்லை. எங்கேயும் இல்லை. "தொலையுறதா இருந்தா அங்கொண்ணு இங்கொண்ணு தொலையும் சார். இது வரிசையா தொலையுது. கோடு போட்டுத் தொலையுது. யாராவது வரைஞ்ச மாதிரி இருக்கு," என்றாள். இப்ராகிம் டம்ளரை எடுத்துக் குடித்துவிட்டுத் திரும்ப வைத்ததில் காகிதத்தில் வட்டக் கறை விழுந்தது, அவள் அதைக் கைக்குட்டையால் ஒற்றினாள். அந்த உயரத்தில் கருவியின் கண்ணை மறைக்கிற ஏதோ ஒரு மெல்லிய அடுக்கு இருக்கலாம் என்பது அவள் எண்ணம். ஆனால் அவள் அதை உடனே எழுதவில்லை. அதை நான் ஒத்துக்கொள்ள வேண்டும், அவள் முதலில் என்னைத்தான் கேட்டாள். ஒரு வியாழக்கிழமை, உள்தொலைபேசியில். "சார், எழுதுறதுக்கு முன்னால ஒரே ஒரு சந்தேகம். கருவியில வாற எண்ணை நாம வெப்பமா மாத்துற இடத்துல, நம்ம நிரல்லயே ஏதாவது விழுங்குதான்னு ஒருக்கா பாத்துச் சொல்லுதீங்களா." பார்க்கிறேன் என்றேன். திங்கட்கிழமை திரும்பக் கூப்பிட்டாள். பார்த்தாச்சும்மா என்றேன். ஒண்ணும் இல்ல.

இரண்டு பத்தொன்பது. இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை. இரண்டு இருபத்தொன்றுக்குத்தான் சேரும். அந்த வாரம் மாமியார் பாதுகாப்பு நிலைக்குப் போய்விட்டது, சூரியப் பலகை திரும்பிக்கொண்டது, மூன்று நாள் நாங்கள் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. உண்மைதான். பதிவேட்டில் இருக்கிறது. யார் கேட்டாலும் காட்டலாம். ஆனால் அந்த மூன்று நாளில் நான் இரண்டு தடவை சதுரங்கம் விளையாடினேன், இப்ராகிமோடு, பதில் வரக் காத்திருந்த நிமிடங்களில். நிரலைத் திறந்து பார்க்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும். அரை மணி. இருநூறு வரிகூட இல்லை. அதில் முப்பத்திரண்டாவது வரி. வேலைப்பளு என்று சொல்லிக்கொண்டால் அங்கேயே நின்றுவிடலாம், மூன்று வாரமாக நான் அங்கே நிற்கத்தான் பார்க்கிறேன், நிற்க முடியவில்லை, ஏதோ நழுவுகிறது. அந்த நிரலை நான் எழுதினேன் என்று அவளுக்குத் தெரியும், அதனால்தான் ஏதாவது விழுங்குதா என்று அவ்வளவு மெதுவாகக் கேட்டாள். எனக்கும் தெரியும். இன்னொருவர் எழுதிய நிரலாக இருந்தால் அன்றைக்கே திறந்திருப்பேன், ஆர்வமாகத் திறந்திருப்பேன். அப்படியானால் நான் பார்க்காமல் விட்டேனா, பார்க்கப் பயந்தேனா. பயந்தேன் என்றால் அங்கே ஏதோ இருக்கிறது என்று எங்கேயோ தெரிந்திருக்க வேண்டும். தெரிந்திருந்ததா. இல்லை. சத்தியமாக இல்லை. ஆனால் இல்லை என்று நான் சொல்கிற இடத்தில் என்ன இருந்தது என்று இப்போது யார் சொல்ல முடியும், இல்லை என்பதற்கு நான் ஒரு எண் வைத்தவன்.

அவள் எழுதினாள். நான் பார்த்தாச்சு என்று சொன்னதை நம்பி எழுதினாள், கட்டுரையில் எனக்கு நன்றிகூட இருந்தது, நிரலைச் சரிபார்த்துத் தந்தமைக்கு. பிறகு அந்தக் கூட்டம். நீள மேஜை, பிஸ்கட் தட்டு, வெளியிலிருந்து வந்த இரண்டு நிபுணர்கள். அப்படி ஓர் அடுக்கு இருக்கவே முடியாது என்று அவர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள், அது சரியான கணக்கு. அப்படியானால் இந்தக் கோடு என்ன என்று ஒருவர் என்னைக் கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள், இவர் பார்த்திருக்கிறார், இவர் சொல்வார் என்கிற முகத்தோடு. கருவிக் கோளாறு, அந்தக் குளிரில் உணரி தடுமாறுகிறது என்றேன். அது எப்படி என் வாயில் வந்தது என்று தெரியவில்லை, வந்தது, பொருத்தமாக இருந்தது, நிபுணர் தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். கோளாறைக் கண்டுபிடிப்பு என்று எழுதியவள் என்று ஆகிவிட்டது. கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். மார்ச் மாதம் ஒப்பந்தம் புதுப்பிக்கவில்லை. அடுத்த நாள் உணவகத்தில் யாரோ, யார் என்று ஞாபகம் இல்லை, காலி நாற்காலியைக் காட்டி, ஜெசிந்தா தொண்ணூத்தொம்பது என்றான். சிரித்தோம். நானும் சிரித்தேன், வாயில் மோர்ச்சாதம் இருந்தது. அந்த இடத்தில் அந்தச் சொல்லையே சொன்னான், என் காதில் விழுந்தது, இருந்தும் எனக்கு எதுவும் உறைக்கவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் ஜனவரி ஒன்றாம் தேதி காலை ஏழு மணிக்கு அவள் கூப்பிடுகிறாள். ஊரில் ஒரு பெண்கள் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறாள். "புத்தாண்டு வாழ்த்துகள் சார். நீங்க அன்னைக்குத் தடுக்கலன்னா நான் இன்னும் அந்தக் கோட்டப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டு இருந்திருப்பேன்." நான், அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா என்பேன். எங்கேயும் நான் ஒண்ணும் இல்லை என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

இரண்டு இருபத்திரண்டு. இப்போது அது பார்த்துக்கொண்டிருக்கும். மூன்று வாரத்துக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை, காப்பகத்துக்கான விளக்கக் குறிப்பைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். தரவுத் தொகுப்பின் பழைய பதிப்பைப் பற்றிய விவரங்கள். விடுபட்ட அளவீட்டைக் குறிக்கும் எண்: மைனஸ் 99.9. அடுத்த வரி. பதிவான மிகக் குறைந்த வெப்பம்: மைனஸ் 131.4. இரண்டு வரியும் ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒரே அளவு எழுத்தில். நான் எழுந்து போய்க் கை கழுவினேன். ஏன் கை கழுவினேன் என்று தெரியாது. மைனஸ் தொண்ணூறிலிருந்து மைனஸ் நூற்றி முப்பதுக்குப் போகிற எதுவும் நடுவில் மைனஸ் தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பதைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டிய ஒவ்வொரு இடத்திலும் கருவி சரியாகத்தான் பார்த்தது, சரியாகத்தான் சொன்னது, என் நிரல் அதைப் படித்து, ஓ, ஒன்றும் இல்லையா என்று அழித்துக்கொண்டே போயிருக்கிறது. ஜெசிந்தாவின் கோடு கோளாறு இல்லை. அவள் நினைத்த அடுக்கும் இல்லை. அது அந்தக் கோளின் இரவில் ஒரே ஒரு வெப்பம் எங்கெங்கே இருக்கிறது என்பதன் வரைபடம், பதினாலு மாதத்துக்கு, முடியளவு துல்லியமாக. வேறு எந்த வெப்பத்துக்கும் அப்படி ஒரு படம் கிடையாது, ஏனென்றால் வேறு எதையும் யாரும் இல்லை என்று சொல்லவில்லை. இதை நினைத்து ஒரு கணம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். பிறகு தப்பிக்க வழி தேட ஆரம்பித்தேன். அறிவியலுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தத் துளைகள் பார்க்க அசிங்கமாக இருக்கின்றன என்று மேலேயும் கீழேயும் உள்ள அளவுகளை வைத்து நானே நிரப்பிவிட்டேன், புதுப் பதிப்பில் துளையே கிடையாது, இல்லை என்பதற்கு வேறு எண். நிரப்பியதில் வந்த விடை என்ன. மைனஸ் தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பது, எல்லா இடத்திலும். இழந்ததையே திருப்பி வைத்து, பக்கத்தில் மதிப்பீடு என்று குறித்துவிட்டு நகர்ந்திருக்கிறேன். ஆகவே யாருக்கும் எதுவும் குறையவில்லை. ஒரே ஒரு ஆளைத் தவிர. அந்த ஆளுக்குச் சாட்சி பழைய பதிப்பு, அது சாமான் அறையில் இரண்டு வட்டுகளில் இருக்கிறது, நாலு மணிக்கு நான் கையெழுத்துப் போட்டதும் விதிப்படி அழித்துவிடுவார்கள். அதற்கு முன்னால் கருவியிலிருந்து வந்த மூல எண்கள் இடம் போதவில்லை என்று எப்போதோ போய்விட்டன.

கையெழுத்துப் போட்டுவிட்டால் என்ன ஆகும். ஒன்றும் ஆகாது. அதுதான் பயமாக இருக்கிறது. இரண்டு வருஷத்தில் ஓய்வு, ஒரு சால்வை, வத்சலா முன்வரிசையில், பன்னிரண்டு வருஷத் தரவை ஒரு துளி சிந்தாமல் காத்தவர் என்று யாராவது பேசுவார்கள். ஜனவரி ஒன்றாம் தேதி ஏழு மணிக்கு மணி அடிக்கும். சொல்லிவிட்டால் மட்டும் என்ன ஆகும். அவளுக்கு நாற்பது ஆகப்போகிறது. போன வேலை வராது. அவளுக்குள் அந்த விஷயம் ஆறி, தோல் மூடி, ஒரு கதையாகிவிட்டது, அதைக் கிழிக்க நான் யார். பார், இப்போது அவளுக்காகப் பேசுகிறேன், எவ்வளவு கருணை. தொலைபேசி அடிக்கிறது, இப்ராகிம் எடுக்கிறான், திட்ட இயக்குநர். நான் வாங்கிக்கொள்கிறேன். "என்ன சபாநாயகம், அந்தத் தாள் பார்த்தாச்சா." பார்த்துக்கிட்டிருக்கேன் சார் என்கிறேன். "அதுல பார்க்க என்ன இருக்கு, நாலு மணிக்கு வண்டி கிளம்பிடும்." வைத்துவிட்டார். நான் இப்போது என்ன விரும்புகிறேன் என்று நேராகக் கேட்டுக்கொண்டால் பதில் அசிங்கமாக இருக்கிறது. அந்தக் கருவி உண்மையிலேயே கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். அந்த உயரத்தில் உணரி உண்மையாகவே தடுமாறட்டும். அன்றைக்கு நான் சொன்ன பொய் தற்செயலாக நிஜமாகிவிடட்டும். பன்னிரண்டு வருஷம் பராமரித்த ஒன்றைப் பழுதாகப் பார்க்க ஆசைப்பட்டு உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு இருபத்தொன்பது. அதற்காகத்தான் இந்தச் சோதனை. அவளுக்காக என்று நினைத்திருந்தேனா.

"வருது சார்," என்கிறான் இப்ராகிம். இந்தத் திரையில் இன்னும் என் பழைய நிரல்தான் ஓடுகிறது, இரண்டு வரிசை எண்கள் கீழிருந்து மேலே ஏறுகின்றன. வலது பக்கம் வெப்பம். இடது பக்கம் கருவியின் சொந்த எண்ணிக்கை, மாற்றாதது, நாங்கள் இடம் மிச்சப்படுத்தத் தூக்கி எறிந்தது, இன்றைக்கு மட்டும் கேட்டு வாங்கியது. அளவீடு வரவில்லை என்றால் இடது பக்கம் பூஜ்யம் இருக்கும். அவ்வளவுதான் சோதனை. மைனஸ் தொண்ணூற்றாறு புள்ளி எட்டு. தொண்ணூற்றேழு புள்ளி ஒன்பது. தொண்ணூற்றெட்டு புள்ளி ஏழு. தொண்ணூற்றொன்பது புள்ளி மூன்று. மைனஸ் தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பது. அதற்கு இடது பக்கம், ஆயிரத்து நூற்று நாற்பத்தேழு. மறுபடியும் மைனஸ் தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பது, ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு. பிறகு மைனஸ் நூறு புள்ளி நான்கு, அதன் பிறகு எல்லாம் கீழே இறங்கிப் போய்விட்டது. இருந்தது. எந்தத் தடுமாற்றமும் இல்லாமல், சாகப்போகிற கருவி, நிதானமாகச் சொன்னது. இப்ராகிம் என் தோளுக்கு மேலே குனிந்து பார்க்கிறான். "நல்லாத்தான் சார் இருக்கு. நடுவுல ஒரு ரெண்டு வரி மட்டும் டேட்டா இல்ல." எங்கே, என்கிறேன். "அதான் சார், ரெண்டு தொண்ணூத்தொம்பது." இடது பக்கம் பாரு, என்கிறேன். பார்க்கிறான். அவன் கண் எண்ணிக்கைக்குப் போய், வெப்பத்துக்கு வந்து, திரும்பப் போகிறது. "எண்ணிக்கை இருக்கே. அப்ப இது..." நிறுத்திக்கொள்கிறான். "இல்லன்னு நீங்கதானே சார் சொல்லிக் குடுத்தீங்க," என்கிறான், குற்றம் சாட்டவில்லை, வழி கேட்கிறவன் மாதிரி. திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஜெசிந்தா மேடம் கோடு," என்கிறான் மிகவும் மெதுவாக. டம்ளர் வைத்தவன் அவன். அவனுக்கும் ஞாபகம் இருக்கிறது. பிறகு கடிகாரத்தைப் பார்த்து, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "அணைக்கிற கட்டளை அனுப்பணும் சார். பார்த்தாச்சா." பார்த்தேன், என்கிறேன். அந்தச் சொல் வாயில் பழக்கமில்லாததாக இருக்கிறது. அனுப்பு.

வெளித் தொலைபேசி ஜன்னல் பக்கம் இருக்கிறது. கைபேசிக்கு இந்தப் பள்ளத்தில் அலை கிடையாது, அலை வராத பள்ளம் என்றுதான் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். ஜன்னலுக்கு வெளியே ஆன்டெனா மெல்லத் திரும்பிக்கொண்டிருக்கிறது, அதன் நிழல் ஒரு எருமை மேல் படுத்திருக்கிறது. மூன்றாவது மணியில் எடுத்தாள். "சார். என்ன சார் இந்த நேரத்துல. வீட்டுல எல்லாரும் சுகமா." சுகம், என்றேன். ஜெசிந்தா, அன்னைக்கு நிரலைப் பார்க்கச் சொன்னியே, நான் பார்க்கல. அவளுக்குப் பின்னால் தாழ்வாரத்தில் பெண்கள் பேசிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. "என்னைக்கு சார்," என்றாள். என்றைக்கு என்று அவளுக்குத் தெரியும் என்று குரலிலேயே தெரிந்தது. சொன்னேன். எண்ணைச் சொன்னேன், முப்பத்திரண்டாவது வரியைச் சொன்னேன், அது கோளாறு இல்லை என்று சொன்னேன், கோளாறு என்று சொன்னவன் நான் என்று சொன்னேன். ஒன்பது நிமிடம் ஆன மாதிரி இருந்தது. "இன்னைக்குக் காலையில முதல் வகுப்புலகூட அந்தக் கதையத்தான் சொன்னேன் சார். இல்லாதத இருக்குன்னு சொன்ன ஒருத்தி கதை. கவனமா இருக்கணும்னு சொல்லதுக்கு. ஒவ்வொரு வருசமும் சொல்லுவேன். பிள்ளைங்க சிரிக்கும்." நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். "இருங்க சார். இப்ப பாத்தீங்களா? நீங்களே பாத்தீங்களா?" பார்த்தேன். ரெண்டு வரி. "எத்தனை கிலோமீட்டர்ல?" தொண்ணூத்திமூணு. "என் சுருள்ல சராசரியா தொண்ணூத்திநாலுல்லா வரும்," என்றாள் உடனே, யோசிக்காமல், "அப்ப ஒரு கிலோமீட்டர் இறங்கியிருக்கு. இந்த ஏழு வருசத்துல இறங்கியிருக்கு சார், அது ஏன்னு..." அந்தக் குரலை நான் உணவக மேஜையில் கேட்டிருக்கிறேன். அது அங்கேயே நின்றது. மறுபடி வந்தபோது வேறு குரல். "சுருளு இப்ப இல்ல சார். வீடு மாறும்போது போட்டுட்டேன். கோளாறுதானேன்னு." பழைய பதிப்பு இங்கே இருக்கு, அழிக்க விடமாட்டேன் என்றேன். "ஏழு வருசம் உங்களுக்கு நன்றி சொன்னேன் சார்," என்றாள். பிறகு, "மணி அடிச்சாச்சு. வைக்கேன்."

நீலக் கோப்பைத் திறந்து அந்த வாக்கியத்தின் மேல் கோடு போட்டேன். அதன் கீழே, நான் பார்க்கவில்லை என்று எழுதி, ஏழு வருஷத்துக்கு முந்தைய தேதியையும் இன்றைய தேதியையும் எழுதினேன். சட்டைப் பையில் மாத்திரை இருந்தது, எடுத்துத் தண்ணீர் இல்லாமல் விழுங்கினேன், தொண்டையில் நின்று கரைந்தது, கசந்தது. இரண்டு ஐம்பத்திரண்டுக்குத் திரை மாறியது. அணைத்த செய்தி வந்து சேர்ந்துவிட்டது. வலது பக்கம் மைனஸ் தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பது, மைனஸ் தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பது, மைனஸ் தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பது என்று வரி வரியாக ஏறிக்கொண்டே போகிறது, இடது பக்கம் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். இந்தத் தடவை உண்மையிலேயே இல்லை. இடது பக்கத்தைக் கையால் மறைத்துப் பார்க்கிறேன். வித்தியாசம் தெரியவில்லை. தொலைபேசி அடிக்கிறது. இப்ராகிம் எடுத்துக் கேட்டுவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்புகிறான், என் முகத்தைப் பார்க்கிறான், கோப்பில் உள்ள கோட்டைப் பார்க்கிறான். "இயக்குநர் சார். நீங்க தொண்ணூத்தொம்பதுன்னு சொல்லிடவா," என்கிறான். அவன் கண்ணில் விளையாட்டு இல்லை.

வேணாம், என்கிறேன். இருக்கேன்னு சொல்லு.